டாக்டரிடம் சொல்லாத அடி

மைசூர் விஜயநகரில் வசிக்கிறோம். கணவருக்கு மூளையில் புற்றுநோய். ஒரு நாள் காலை கஞ்சி கொடுத்தபோது, "விஷம் வெச்சிருக்கியாடி!" என்று டம்ளரால் என் நெற்றியில் அடித்து, கழுத்தை நெரித்தார். வெட்கத்தில் டாக்டரிடம், பாத்ரூமில் வழுக்கிவிட்டதாகச் சொன்னேன்.

"வழுக்கி விழுந்தா கழுத்துல விரல் தடம் விழுமா பெரியம்மா?" என்றாள் தங்கை மகள். அவளே இன்டர்நெட்டில், புற்றுநோயாளிகளைக் கவனிப்பவர்கள் பேசிக்கொள்ளும் குழுவுக்கு நடந்ததை எழுதினாள். "மாத்திரையை மாற்றினார்களா?" என்று முகம் தெரியாத ஒரு பெண்மணி கேட்டிருந்தார். மூளை வீக்கத்துக்கான மாத்திரையின் அளவை முந்தின வாரம்தான் கூட்டியிருந்தார்கள். ஓடிப்போய் டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த மாத்திரை கூடினால் சிலருக்கு இப்படிச் சந்தேகமும் வெறியும் வரும் என்று சொல்லி அளவைக் குறைத்தார்.

சில நாட்களில் கணவர் என் நெற்றிக் காயத்தைத் தடவி, "யாரு அடிச்சா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் அவர் கையை ஓங்கினாலே, அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன்.