கண்ணாடிக்காரிக்கு இன்னொன்று

எங்கள் அண்ணிக்குப் பல் விளக்குவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. கணினியைத் திறந்து, கண்ணாடிக்காரியின் கணக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பது. பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அன்றைய காபி எப்படி இருக்கும் என்பது அந்த எண்ணைப் பொறுத்தது.

அண்ணி சிறுநீரக நோய் ஆராய்ச்சியாளர். அந்த உலகத்தில் ஒரு கட்டுரை அச்சானால் மட்டும் போதாது. மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் அதை எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதில்தான் மதிப்பு. அண்ணி நாற்பது கட்டுரை எழுதியிருக்கிறார், மொத்த மேற்கோள் இருநூற்றுச் சொச்சம். கண்ணாடிக்காரி எழுதியது எண்ணிக்கையில் அதில் பாதிகூட வராது, ஆனால் அவளுடைய ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் நாலாயிரத்துக்கு மேல். அவளுக்கும் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதைச் சொல்லக் கூடாது, அதனால் அவள் போட்டிருக்கும் மூக்குக்கண்ணாடியே பெயராகிவிட்டது, அவ்வளவுதான்.

"அப்படி என்னத்த எழுதிக் கிழிச்சுட்டா? எல்லாரும் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறாங்க" என்று அண்ணனிடம் கேட்பார். அண்ணன் பல் மருத்துவர். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், தான் திறக்கமாட்டார்.

நான் நாத்தனார் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? "அண்ணி, வயித்தெரிச்சலுக்கு ஒரு மருந்து கண்டுபிடிச்சு எழுதுங்க. நாலாயிரம் என்ன, நாப்பதாயிரமே வரும்."

"உனக்கென்னடி தெரியும், போ."

எனக்கு எல்லாம் தெரியும். ஒரு காலத்தில் இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் எதிரெதிர் மேஜை. நோயாளிகளின் ரத்தம் நிரப்பிய குழாய்களை எல்லோரும் உடனே ஐஸில் புதைப்பார்கள், அளவுகள் தாறுமாறாக வரும். "ஐஸ் வேணாம், மேஜையிலயே நேரா நிறுத்தி வை, தானா உறையட்டும்" என்று கண்டுபிடித்துச் சொன்னவர் அண்ணிதான். கண்ணாடிக்காரி அந்த முறையை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் நோயாளிகள் பின்னால் அலைந்தாள், கட்டுரையையும் எழுதி முடித்தாள். எழுதியவர்கள் வரிசையில் தன் பெயருக்குப் பக்கத்தில் இரண்டாவது பெயராக அண்ணியைப் போடுவதாகச் சொன்னாள்.

"முதல் பேருன்னா போடு. இல்லன்னா என் பேரே வேணாம்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அண்ணி இறங்கி வரவில்லை. கடைசியில் கட்டுரையின் வாலில் ஒரு நன்றி வரி மட்டும் மிஞ்சியது, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

கண்ணாடிக்காரி எப்போதோ வேறொரு கல்லூரியில் பேராசிரியராகிவிட்டாள். அண்ணியின் கல்லூரியில் இந்த வருஷம்தான் இடம் காலியானது. அடுத்த முறைக்குள் அண்ணிக்கு வயது தாண்டிவிடும். விண்ணப்பிக்க, நல்ல இதழில் இன்னும் ஒரு கட்டுரை வந்தாக வேண்டும். ராப்பகலாக எழுதி அனுப்பினார்.

பதில் வந்தது. கட்டுரையைப் படித்துத் தேறுமா என்று சொல்லும் முகம் தெரியாத ஆள், நன்றாக இருக்கிறது என்றுதான் எழுதியிருந்தார். ஒரே ஒரு திருத்தம். குழாய்களை ஐஸ் இல்லாமல் உறையவிடும் முறை உங்களுடையது அல்லவே, அதன் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுங்கள். தேடச் சிரமப்படக் கூடாது என்று கண்ணாடிக்காரியின் கட்டுரைத் தலைப்பையும் கொடுத்திருந்தார்.

அண்ணி முதலில் சிரித்தார். அப்புறம் அழுதார். "நான் சொல்லிக் குடுத்ததுக்கு நானே அவளுக்குச் சலாம் போடணுமா? எனக்கு அந்தப் பதவியே வேணாம்."

திருத்தி அனுப்ப வேண்டிய கெடு நெருங்கியது. அண்ணி அதைத் தொடவே இல்லை. அன்றைக்குத்தான் அண்ணன் வாயைத் திறந்தார்.

"நீ சொன்ன, அவ எழுதினா. அப்பவும் இப்படித்தான், வேணாம்னு எந்திரிச்சு வந்த."

அண்ணி சாப்பிடாமல் எழுந்து போனார். நான் பின்னாலேயே போனேன், கேலி செய்ய மனசு வரவில்லை. கட்டுரையைத் திறந்து, கண்ணாடிக்காரியின் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது.

அந்தக் கட்டுரையால் பதவி கிடைத்தது. ஆனால் கட்டுரை வெளியான காலையில் அண்ணி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பழையபடி கண்ணாடிக்காரியின் கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு ஏறியிருக்கு" என்றார்.

"இன்னைக்கு யாரு அண்ணி?"

"நான்தான்."