மாளிகைமேட்டில் எட்டாவது கல்

அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு அக்காவும் அத்தானும் மைசூரிலிருந்து வரதராஜன்பேட்டைக்கு வந்திருந்தார்கள். யுத்த காலம். ரயிலில் உட்கார இடம் கிடைக்காமல் அரியலூர் வரை நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய பஸ் பிடித்து ஜெயங்கொண்டத்தில் இறங்கியபோது இருவர் முகத்திலும் புகை படிந்திருந்தது. நான்தான் வண்டி கட்டிக்கொண்டு போய் அழைத்து வந்தேன். எங்கள் அப்பாவுக்கு ஆண் பிள்ளை கிடையாது. மாடு பூட்டவும் வண்டி ஓட்டவும் பன்னிரண்டு வயதிலேயே எனக்கு வந்துவிட்டது. டீச்சர் வேலைக்குப் போன பிறகும் இந்தப் பெண் வண்டி ஓட்டுகிறதே என்று ஊரில் பேசினார்கள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அத்தான் ஒரு மில்லில் குமாஸ்தா. நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு கஷ்டம், பத்து நிமிஷம் பேசினால் அதில் மைசூர் அரண்மனை வந்துவிடும். விளக்கு போட்டால் எப்படி ஜொலிக்கும், தர்பார் மண்டபத்தில் தூண்கள் எப்படி நிற்கும், தோட்டத்தில் தண்ணீர் எப்படிப் பீய்ச்சியடிக்கும் என்று நேரில் இருப்பதுபோலச் சொல்வார். பூசை முடிந்து கோயிலிலிருந்து வருகிறவர்கள், மோர் வாங்க வந்தவர்கள், அப்பாவைப் பார்க்க வந்தவர்கள், எல்லோரும் அதைக் கேட்டார்கள். அக்கா மட்டும் வேறு பக்கம் பார்த்து விசிறிக்கொண்டிருப்பாள்.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிடும்போது அவர் என்னைப் பார்த்து, "ஒங்க பக்கத்துல ஏரி இருக்கு, முந்திரிக்காடு இருக்கு. பாக்கறதுக்குன்னு ஒரு அரமண இருக்கா, சொல்லு" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. இருக்கிறது என்றேன். கங்கை வரைக்கும் படை போன சோழ ராஜா இருந்த அரண்மனை, மைசூர் அரண்மனையைவிடப் பல நூறு வருஷம் மூத்தது, வேண்டுமானால் நாளைக்கே கூட்டிப் போகிறேன் என்றேன். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அரண்மனை இருந்த இடத்தை மாளிகைமேடு என்பார்கள் என்று கேள்விப்பட்டதோடு சரி. அங்கே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். அத்தானுக்கு மாட்டைப் பிடிக்கவே பயம். அதனால் நான் முன்னால் உட்கார்ந்து ஓட்ட, அவர்கள் இருவரும் கூண்டுக்குள் வைக்கோல் மேல் உட்கார்ந்து வந்தார்கள். வெகு தூரத்திலேயே வயல்களுக்கு மேல் கோயில் விமானம் தெரிந்தது. நெருங்க நெருங்க அது வளர்ந்துகொண்டே வந்தது. அத்தான் கூண்டிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தார். பிறகு, கோயில் பெரிதுதான், ஒப்புக்கொள்கிறேன், அரண்மனை எங்கே என்று கேட்டார்.

வழி விசாரித்துக்கொண்டு முந்திரித் தோப்புகளுக்கு நடுவே வண்டித்தடத்தில் போனோம். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு மேடு இருந்தது. அதன் மேல் இலந்தை முள், சரிவில் முந்திரி மரங்கள், கீழே கடலை எடுத்து உழுது போட்ட ஒரு கொல்லை. மண்ணெல்லாம் செங்கல் துண்டுகள். சுவர் கிடையாது, படி கிடையாது, நின்று பார்க்க ஒரு தூண் கிடையாது.

அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "டீச்சரே, வாசல் எந்தப் பக்கம்?" என்றார். கேலியில் விஷம் இல்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. அக்கா முந்திரி நிழலில் போய் நின்றுகொண்டாள்.

கொல்லை ஓரத்தில் ஒரு கிணறு. முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி தண்ணீர் சேந்திக் கத்தரிப் பாத்திக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு மம்முட்டி கிடந்தது. எந்த ஊர், என்ன வேலையாக வந்தோம் என்று விசாரித்தாள். அரண்மனை பார்க்க வந்தோம் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை.

"இதாங்க அரமண. கெணத்த எட்டிப் பாருங்க."

எட்டிப் பார்த்தேன். கிணற்றின் உள்சுவர் முழுக்கப் பழைய செங்கல். இந்தக் காலத்துக் கல் இல்லை. அகலமாக, தட்டையாக, ஒவ்வொன்றும் ஒரு பலகை மாதிரி இருந்தது. எல்லாம் மேட்டில் பெயர்த்தவை என்றாள். "எங்க மாட்டுக் கொட்டா, அடுப்பங்கர, எல்லாம் ராஜா வூட்டுக் கல்லுதாங்க" என்றாள்.

செங்கல் தவிரக் கருங்கல் ஏதாவது உண்டா என்று கேட்டேன். கொல்லையைக் காட்டினாள். அங்கங்கே பாறை மாதிரி புதைந்து கிடக்கிறதாம். ஏர் இடித்தால் கொழு மழுங்கிவிடும் என்பதால் அந்த இடங்களை விட்டுச் சுற்றி உழுவார்களாம்.

எனக்கு ஏதோ தோன்றியது. முள்ளை விலக்கிக்கொண்டு மேட்டின் உச்சிக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் உழுத மண் செக்கச்செவேல் என்று விரிந்திருந்தது. அதற்கு நடுவே ஏர் படாத திட்டுகள், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் புல். எண்ணினேன். ஏழு. ஒரு வரிசையில் நாலு, அதற்கு எதிரே மூன்று. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தன. பாறைகள் இப்படி வரிசையில் முளைக்காது.

இறங்கி ஓடினேன். ஒரு திட்டிலிருந்து அடுத்ததற்கு அடி வைத்து அளந்தேன். ஏழு தப்படி. அடுத்ததும் ஏழு தப்படி. அதற்கடுத்ததும் அப்படியே. எதிர் வரிசையிலும் அதே கணக்கு, கடைசி இடம் மட்டும் காலி. மூன்றாவது திட்டிலிருந்து ஏழு தப்படி வைத்து, வெறும் மண்ணில் நின்றேன்.

"அத்தான், அந்த மம்முட்டிய வாங்கிட்டு வாங்க. இங்க ஒண்ணு இருக்கணும்."

அவர் என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார். கடலைதான் எடுத்தாயிற்றே, தோண்டிக்கொள்ளுங்கள் என்றாள் அவள். மில் ஆபீசுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையோடு அவர் வெட்ட ஆரம்பித்தார். ஒரு சாண் ஆழம் போயிற்று, மண். இரண்டு சாண், அப்போதும் மண்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். இன்னும் கொஞ்சம் என்றேன்.

அடுத்த வெட்டில் ணங்கென்று சத்தம் கேட்டது.

நிழலிலிருந்து வந்துவிட்ட அக்காவையும் சேர்த்து நாலு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். அத்தான் மம்முட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டுக் கையால் மண்ணை அள்ளினார். அக்கா கிணற்றடிக் குடத்தை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினாள். சாம்பல் நிறத்தில், செதுக்கிய கருங்கல் மேலே வந்தது. அதன் நடுவில் சதுரமாக ஒரு குழி.

"கல்யாணமாயி வந்த நாளா இந்தக் கொல்லையிலதான் கெடக்கேன். இங்க ஒண்ணு இருக்கறது எனக்கே தெரியாது" என்றாள் அந்தப் பெண்.

அத்தான் அந்தக் குழிக்குள் கையை வைத்துப் பார்த்தார். "இதுல தூண் நின்னுருக்கு" என்று மெதுவாகச் சொன்னார். மரத்தூணாக இருந்திருக்கும், மரம் போய்க் கல் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்றேன். அவர் எழுந்து, யாரும் சொல்லாமலே வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எண்ணிக்கொண்டு நடந்தார். திரும்பி வந்தபோது முழங்காலெல்லாம் செம்மண், முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

அப்போதுதான் அக்கா இரண்டு வரிசைக்கும் நடுவே நடக்கத் தொடங்கினாள். முந்தானையை இழுத்துச் செருகாமல் அப்படியே விட்டு, அவசரமில்லாமல் கடைசி வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

"மைசூருல நாங்க கேட்டுக்கு வெளிய நின்னுதான் பாத்தோம். உள்ள போனதே இல்ல. இங்க உள்ளயே வந்துட்டேன்."

நான் அத்தானைப் பார்த்தேன். தர்பார் மண்டபத்துத் தூண்களெல்லாம் ஆபீசில் ஒருவர் சொன்னது என்று ஒப்புக்கொண்டார். சொல்லிவிட்டு எல்லோருக்கும் முன்னால் அவரே சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அந்த வருகையில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றை ராஜாவின் கூடத்திலேயே உட்கார்ந்து தின்றோம். தோட்டம் எங்கே என்று அத்தான் கேட்டதற்கு அந்தப் பெண் கிணற்றடியில் பூத்திருந்த கனகாம்பரத்தைப் பறித்து அக்கா மடியில் போட்டாள். முந்திரிப் பழமும் கொண்டுவந்தாள். தொண்டை கரகரக்கும் என்று தெரிந்தும் ஆளுக்கு மூன்று தின்றோம். கிளம்பும் முன்பு மண்ணைத் தள்ளிக் கல்லை மூடினோம். ஏர் எட்டாத ஆழம்தான், இருந்தாலும் இனி இதையும் விட்டுத்தான் உழ வேண்டும் என்று அவள் சொன்னாள். அதில் சலிப்பு இல்லை. புதிதாக ஒரு மாடு வாங்கியவள் மாதிரிச் சொன்னாள்.

ஜூன் மாதம் எங்கள் கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளிக்கூடம் திறந்தது. சோழர் பாடம் வந்த அன்று ஐந்தாம் வகுப்புப் பெண்களை மைதானத்துக்கு அழைத்துப் போனேன். எட்டுப் பேரை ஏழு ஏழு தப்படி இடைவெளியில், நாலு நாலாக எதிரெதிரே நிறுத்தி, கையை மேலே தூக்கிக்கொள்ளச் சொன்னேன். மற்றவர்கள் நடுவே அணியாக நடந்தார்கள். தூணாக நின்ற ஒருத்தி கை வலிக்கிறது என்றாள். கூரை விழுந்துவிடும், பிடித்துக்கொள் என்றார்கள் மற்றவர்கள். சத்தம் கேட்டுத் தலைமைச் சிஸ்டர் வராந்தாவிலிருந்து இறங்கி வந்து, இங்கே என்ன நடக்கிறது என்று கேட்டார். அரண்மனை என்றேன். அவர் இரண்டு வரிசையையும் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அங்கியை லேசாகத் தூக்கிக்கொண்டு, இரண்டு வரிசைக்கும் நடுவே கடைசி வரை நடந்து போனார்.