கை தூக்கினால்தான் விடுவார்கள்

ஷூ கம்பெனியில் தோல் தைக்கிற வேலைக்குக் கையும் காலும் போதும், வாய் தேவையில்லை. நான் அந்த வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். வாயைத் திறந்தால் தப்பாகத்தான் வரும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்குப் பயம். ஏழாம் வகுப்போடு நின்றவள் வேறு. இதை எழுத உட்கார்ந்தபோதும் அதே பயம்தான். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் மேல் போட்டு, கடைசியில் யார் தலையில் விடியுமோ தெரியவில்லை. லைன் என்கிற மெஷின் வரிசையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தப்பு இருக்கும் இடத்தில் நீங்களே சரியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததா?

வாயில்லாத ஆள்

எங்கள் கம்பெனி திண்டிவனத்துக்கு வெளியே இருக்கிறது. லைன் முழுக்கப் பெண்கள். லைனுக்கு ஒரு பச்சை அட்டை. சூப்பர்வைசர் குமரேசன் மேசைக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி, ஆணியில் அந்த அட்டை தொங்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் இடது கையைத் தூக்க வேண்டும். வலது கை தோலைப் பிடித்திருக்கும், கால் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும். அவர் பார்த்துத் தலையை ஆட்டினால், எழுந்துபோய் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகலாம். அவர் பார்க்கவில்லை என்றால், தூக்கிய கையை இறக்காமல் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என் பக்கத்து மெஷின் நூர்ஜகான் அக்கா. கோட்டக்குப்பத்திலிருந்து வேனில் வருகிறவர். அவருக்குக் கல்லடைப்பு. டாக்டர் தண்ணீர் குடி குடி என்கிறார், குமரேசன் உட்கார் உட்கார் என்கிறார். ஒருநாள் அக்கா கையைத் தூக்கியபடி தைத்துக்கொண்டே இருந்தார். குமரேசன் செல்போனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பாட்டு மணி அடித்ததும் அக்கா தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் கழுவினார். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காத மாதிரி சாப்பிட்டோம்.

அது நடந்த கொஞ்ச நாளில் குமரேசன் என்னைக் கூப்பிட்டார். விழுப்புரத்தில் அரசாங்கம் ஒரு கூட்டம் வைக்கிறதாம். முதலாளிகளும் வருவார்களாம், தொழிலாளிகளும் வரவேண்டுமாம். கம்பெனி சார்பில் தொழிலாளியாக நான் போக வேண்டுமாம். "நான் எதுக்கு சார்? எனக்கு நாலு பேரு எதிர்ல பேசவே வராது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அதான் செல்வி, நீ வேணும். வாயே தொறக்காத ஆளா பாத்து அனுப்புன்னாங்க. உன்ன உட்டா இந்த லைன்ல யாரு இருக்கா?"

மூன்று வரி

ஹெச்.ஆர். மேடம் என் மகள் வயதுப் பெண். கெட்டவள் இல்லை, எப்போதும் அவசரத்தில் இருப்பாள். வேலை செய்கிற இடத்தில் யாரும் யாரையும் மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது என்று உலக நாடுகள் சேர்ந்து ஒரு விதி வைத்திருக்கின்றனவாம். அதை நம் நாடு ஏற்பதற்கு முன்னால் இரண்டு பக்கத்தையும் கேட்கிறார்களாம். அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "உங்கள கேட்டா மூணே வரி சொல்லுங்க, போதும்" என்றாள். அந்த மூன்று வரி இதுதான்: எங்கள் கம்பெனியில் எல்லா வசதியும் உண்டு. எங்களைக் குடும்பம் மாதிரி நடத்துகிறார்கள். எங்களுக்குக் குறை எதுவும் இல்லை.

வீட்டில் வேலை செய்துகொண்டே மனப்பாடம் செய்தேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். முதுகெலும்பில் அடிபட்டதிலிருந்து கட்டிலோடு கிடக்கிறார். சமையலும் மருந்தும் நடப்பது என் ஒருத்தி சம்பளத்தில். ஒரு வரி மாறிப்போனாலும் கம்பெனி கேட்டுக்கு வெளியே நிற்பேனே என்று நினைக்க நினைக்க அந்த மூன்று வரியும் முன்னும் பின்னுமாக வந்தது. அவர் படுத்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்: "மத்தத சொல்லு. குடும்பம் மாதிரின்னு மட்டும் சொல்லாத. உங்க குடும்பத்துல எப்படின்னு திருப்பி கேட்டாங்கன்னா நான்தான் மாட்டுவேன்."

எந்தப் பக்கம் உட்காருவது

கம்பெனி காரில் மேடம் முன் சீட்டிலும் நான் பின் சீட்டிலும் போனோம். என்னிடம் இருக்கிற ஒரே பட்டுச் சேலையைக் கட்டியிருந்தேன். கூட்டம் என்றால் வேறு எதைக் கட்டுவது? பெரிய ஹால். குளிர் மெஷின் ஓடுகிறது. பின்னால் கட்டியிருந்த பேனரில் 'சர்வதேச தொழிலாளர் தரநிலைகள்' என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். மேசைகளை ப மாதிரி போட்டிருந்தார்கள். நடுவில் அரசாங்கம், ஒரு பக்கம் முதலாளிகள், எதிர்ப்பக்கம் தொழிலாளிகள்.

அதெல்லாம் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்த ஒரே முகம் மேடம் முகம். அவள் போன பக்கம் போனேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பையன் தண்ணீர் பாட்டில் வைத்தான், குளிருக்கும் பயத்துக்கும் அதை முழுசாகக் குடித்தேன். என் இன்னொரு பக்கம் மோதிரக் கையோடு ஒரு பெரியவர், ரைஸ் மில் முதலாளி. என் சேலையைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர் மரியாதையாகக் கேட்டார்: "உங்களுக்கு எந்த ஊர்ல மில்லு, மேடம்? கண்டாச்சிபுரம் பக்கமா?"

இடது கை

ஆபீஸ்காரர் ஒருவர் வந்து என்னை எழுப்பி எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார். இப்போது மேடம் எனக்கு நேர் எதிரில். பக்கத்தில் இருக்கும்போதாவது அவள் முகம் தெரியாமல் இருந்தது. செங்கல் சூளையிலிருந்து ஒருவர், கட்டட வேலையிலிருந்து ஒருவர், யூனியன்காரர்கள் இரண்டு பேர் என்று எங்கள் பக்கம் பேசினார்கள். அந்தப் பக்கமும் பேசியது. நடுவில் உட்கார்ந்திருந்த ஆபீசர் அம்மா கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். எங்கள் மேடம் எழுந்து, எங்கள் நிறுவனத்தில் தொழிலாளர்களை அவமானப்படுத்துகிற பேச்சுக்கே இடமில்லை என்றாள். இனி என்னைக் கேட்பார்கள் என்று மூன்று வரியையும் உள்ளே ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வரி காணவில்லை.

அந்தப் பயத்தில் குடித்த தண்ணீர் தன் வேலையைக் காட்டியது. அடக்கினேன், முடியவில்லை. நான் யோசித்து எதுவும் செய்யவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். மேடத்தைப் பார்த்துக்கொண்டே இடது கையைத் தூக்கிவிட்டேன்.

ஆபீசர் அம்மா, "சொல்லுங்கம்மா" என்றார். மைக்கை என் முன்னால் நகர்த்தினார்கள். "ஒண்ணுமில்லிங்க. பாத்ரூம் போவணும்" என்றேன். மைக்கில் அது ஹால் முழுக்கக் கேட்டது. சிரிப்பு. எங்கள் பக்கம்கூடச் சிரித்தார்கள். ஆபீசர் அம்மா மட்டும் சிரிக்காமல், "அதுக்கு ஏம்மா கை தூக்கறீங்க?" என்று கேட்டார். கேட்டால் பதில் சொல்லித்தானே பழக்கம். "எங்க லைன்ல அப்படித்தாங்க. கை தூக்கினாத்தான் உடுவாங்க" என்றேன். "அவங்க பார்க்கலைன்னா?" "தூக்கிக்கினே தைப்போங்க. ஒரு கையாலதான்." அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, மேசைக்கு அடியில் என் கால் மிதித்துக்கொண்டிருக்கிறது, இடது கை இன்னும் மேலேயே இருக்கிறது. சிரிப்பு நின்றுபோயிருந்தது. மேடம் தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "முதல்ல நீங்க போயிட்டு வாங்கம்மா. இந்தக் கட்டடத்துல அதுக்கு யாரும் கை தூக்க வேணாம்."

விக்கிரவாண்டியில் டீ

திரும்பி வரும்போது மேடம் முன் சீட்டில் போனில் ஏதோ தட்டிக்கொண்டே வந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. திட்டுகிறவர்கள் வேலையில் வைத்துக்கொண்டுதான் திட்டுவார்கள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில் மேடம் வண்டியை நிறுத்தச் சொன்னாள். எனக்கும் ஒரு டீ சொன்னாள். கம்பெனி எனக்கு டீ வாங்கிக் கொடுப்பது அதுதான் முதல் தடவை. கடைசி டீயாகவும் இருக்கும் என்று நினைத்தேன்.

"மேடம், நான் வேணும்னு சொல்லல. கை தானா தூக்கிடுச்சி" என்றேன். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "தெரியும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "நாளைக்கு உங்கள குமரேசன் கேப்பாரு. என்னை யாரு கேப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாது, செல்வியம்மா."

வெறும் ஆணி

மறுநாள் போனால் ஆணி மட்டும் இருக்கிறது, பச்சை அட்டை இல்லை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம், கேட்க வேண்டாம் என்று குமரேசன் சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நீங்கள் நினைப்பீர்கள் நாங்கள் சந்தோஷப்பட்டோம் என்று. யாரும் எழுந்திருக்கவில்லை. அட்டை இருந்தவரை, அவர் தலையை ஆட்டினார், நாங்கள் போனோம் என்று கணக்கு நேராக இருந்தது. இப்போது எழுந்து போனால் எங்கேயோ யாரோ கவனிக்கிறார்கள் என்று பயம். கொஞ்ச நேரம் பொறுத்து ஒரு கை உயர்ந்தது, அப்புறம் இன்னொன்று. குமரேசன் வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாப்பாட்டு நேரத்தில் பாதிப் பேர் என்னோடு பேசவில்லை. என் பெயரைக் கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோம் என்பது போல, 'அவங்க' என்றார்கள். நூர்ஜகான் அக்கா மட்டும் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேர்க்கடலை வறுத்து அரைத்த மல்லாட்டைத் துவையலை என் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னார்: "துன்னு. உன்ன வேலைய உட்டு தூக்குனா நான் யாராண்ட குந்திக்கினு துன்றது?"

ஆபீசர் அம்மா வந்த நாள்

அந்த வார்த்தை நெஞ்சுக்குள் கல் மாதிரி உட்கார்ந்துகொண்டது. 'தூக்குனா' என்கிறாரே, அப்படியென்றால் அவர் காதில் ஏதோ விழுந்திருக்கிறது. என் மெஷினைப் பின்வரிசைக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. பின்வரிசைக்குப் போனவர்கள் கொஞ்ச நாளில் கேட்டுக்கு வெளியே போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் நாமே வேலையிலிருந்து நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தேன். கட்டிலில் கிடக்கிற மனிதர் முகம் வந்தது, நிற்கவில்லை.

அப்போதுதான் ஆபீசர் அம்மா நேரில் பார்த்துப்போகக் கம்பெனிக்கு வந்தார். தூரத்தில் பார்த்ததும் பாத்ரூமுக்குள் போய் ஒளிந்துகொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை தூக்காமல் போனேன். வெளியே வந்தால் குழாயடியில் அவர் கை கழுவிக்கொண்டிருக்கிறார். சுற்றிலும் யாரும் இல்லை. "அம்மா, என்ன வேலைய உட்டு தூக்கிடுவாங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். மாட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அன்னைக்கு உங்களை அனுப்பினது கம்பெனி. கம்பெனி ஆளை கம்பெனி நினைச்சா நிறுத்திடும். லைனே சேர்ந்து அனுப்பின ஆள்னா, தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிப்பாங்கம்மா."

அடுத்த கூட்டத்துக்கு யார்?

அன்று சாயந்திரம் வேன் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் ஷெட்டில் நிற்கவைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்குக் கம்பெனி பொறுக்கி அனுப்புகிற ஆள் வேண்டாம், தொழிலாளிகளே தங்கள் ஆளைச் சொல்லட்டும் என்றார் ஆபீசர் அம்மா. மேடம் ஓர் ஓரம், குமரேசன் ஓர் ஓரம். யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் காலடியில் ஒரு தோல் துண்டு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருந்தால் பின்வரிசை, அப்புறம் கேட். இத்தனை பேர் நடுவில் பெயர் சொல்லப்பட்டால் இரண்டு தடவை யோசிப்பார்கள். அந்த இரண்டாவது தடவைதான் எனக்கு வேண்டும். மேடம் பக்கமும் திரும்பவில்லை, குமரேசன் பக்கமும் திரும்பவில்லை. இடது கையைத் தூக்கினேன்.

நூர்ஜகான் அக்கா என் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்டார்: "இன்னாடி செல்வி, பாத்ரூமா? அதுக்கு இப்ப கேக்க வாணாமே!"

எங்கோ ஒருத்தி சிரித்தாள், அப்புறம் லைனே சிரித்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, "இல்லக்கா, நான் போறேன். நீங்கல்லாம் அனுப்புனா போறேன்" என்றேன். "அனுப்பறோம்டி" என்றார் அக்கா. அவர் கை முதலில் உயர்ந்தது. அதுவும் இடது கைதான். அதன் பின்னால் ஒவ்வொன்றாக லைன் முழுக்க.

பயத்துக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடித் தேடி, கடைசியில் கூட்டத்தில் தொழிலாளிகள் பக்கம், எல்லோர் கண்ணிலும் படுகிற நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.