பன்னிரண்டு பார் சூரியபிரகாஷ்

மதுரைப் பழங்காநத்தத்தில் பிறந்து, தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கும் சூரியபிரகாஷ் கிட்டாரை யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. அதில் குறையில்லை. கச்சேரிக்காரர்களில் பாதிப் பேர் பார்த்துப் பழகியவர்கள்தான். ஆனால் அவர்கள் மனிதர்களைப் பார்த்துப் பழகினார்கள். இவர் பழகியது டிராக்கோடு.

டிராக் என்பது டிரம்ஸும் பேஸும் பதிவான பின்னணி இசை. கிட்டாருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். போனை ஒரு ஸ்பீக்கரில் இணைத்து ஓடவிட்டு, அதன்மேல் மனம்போல வாசிக்கலாம். இவர் வாசித்தது புளூஸ் என்ற மேற்கத்திய இசை. அதற்குக் கார்டு எனப்படும் சுரக்கூட்டு மூன்று, பார் எனப்படும் தாளக்கட்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு சுற்று. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. டிராக்குக்கு மூச்சு வாங்காது. சொதப்பினாலும் நின்று முறைக்காது. இப்படி ஒரு துணையோடு வருடக்கணக்கில் வாசித்தவர் தன்னைக் கலைஞன் என்று நம்பியதில் வியப்பில்லை. வாசிக்கையில் கண்ணை மூடி, பல்வலிக்காரர்போல முகத்தைக் கோணுவார். விரலைவிட அந்த முகத்துக்குத்தான் பயிற்சி அதிகம்.

"அந்த ஸ்பீக்கருக்குக் கால் இருந்தா இந்நேரம் எந்திரிச்சுப் போயிருக்கும்" என்பாள் மனைவி ரோகிணி.

போன ஆவணியில் அருள்பாண்டியின் இசைக்குழுவிலிருந்த கிட்டார்காரர் துபாய் போய்விட்டார். அந்த இடம் தனக்குத்தான் என்று சூரியபிரகாஷ் அலுவலகம் முழுக்கச் சொல்லிவிட்டார். கீபோர்டு வாசிக்கும் அருள்பாண்டி, உசிலம்பட்டியில் ஒரு காதணி விழாவுக்கு அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"இதுல சரியா வந்துச்சுன்னா இனிமே நீங்கதாண்ணே. ஒண்ணே ஒண்ணு. தாய்மாமன் சீரோட உள்ள வரும்போது நம்ம பாட்டுப் பெருசில்ல. பாடுற முனீஸ்வரி கையைத் தூக்குனா எல்லாரும் இருக்கிற கார்டுலயே நிக்கணும். அவரு பேரை வாசிச்சு, மேடைக்கு வந்த பெறகுதான் மேல போகணும்."

"அம்புட்டுத்தானே மாப்ள" என்றார் சூரியபிரகாஷ்.

மாமன் வருவதற்கு நேரம் காலம் கிடையாது. கிட்டார் பகுதி நடுவில் வந்தார் மொக்கையன். கூடவே மாலை போட்ட கிடாய், தட்டு ஏந்திய பெண்கள். பாடகி முனீஸ்வரி கையைத் தூக்கினாள். டிரம்ஸ் அடங்கியது. எல்லாரும் ஒரே கார்டில் நின்றார்கள். சூரியபிரகாஷ் மட்டும் கண்ணை மூடியபடி ஐந்தாவது பாருக்குப் போய், டிராக்கில் அந்த இடத்தில் வரும் அடுத்த கார்டுக்கு மாறினார். பிறகு கம்பியை இழுத்து ஒரு நீண்ட அலறல். முனீஸ்வரி மைக்கில் வாசித்ததில் "தாய்மாமன்" என்ற சொல் கேட்டது, பெயர் கேட்கவில்லை.

மொக்கையன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"நான் வாரது மேடையில இருக்கிறவருக்குப் பிடிக்கலையாக்கும். அப்ப நான் போறேன்."

மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. பிள்ளையின் தகப்பன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். அருள்பாண்டி சவுண்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். மண்டப ஸ்பீக்கர்களில் கிட்டார் நின்றது. முனீஸ்வரி மொக்கையன் பெயரை மூன்று முறை வாசித்தாள். அவர் அசைந்தார்.

சூரியபிரகாஷுக்குத் தன் வாசிப்பு கேட்பதற்காகக் காலடியில் வைத்திருந்த சிறு ஸ்பீக்கரை யாரும் நிறுத்தவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு அவர் இன்னும் பல சுற்று வாசித்து ஒழுங்காக முடித்தார், கண்ணைத் திறந்தார். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. குழந்தை மாமன் மடியில் இருந்தது. கைதட்டலுக்கு அவர் தலை வணங்கினார்.

சாப்பாட்டுப் பந்தியில் சூரியபிரகாஷ் அருள்பாண்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "டிரம்மர் நடுவுல விட்டுட்டான் மாப்ள. நான்தான் தாங்கிப் புடிச்சேன். அடுத்த புரோகிராம் எப்ப?"

அருள்பாண்டி இலையிலிருந்து தலை தூக்கவில்லை.

"கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்குண்ணே. நான் பாத்துக்கிறேன்."