அறுத்துத் தைத்த காது

அந்தக் கட்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. கட்டி இருந்தது என் இடது காதில். வரவழைத்தது விதியும் இல்லை, சாமியும் இல்லை, மனிதர்கள்தான்.

நான் பிறந்த வீட்டில் பெண்குழந்தைக்குக் காது வளர்ப்பார்கள். பிறந்த சில நாளிலேயே குத்தி, துளையில் பஞ்சுத் திரியைச் செருகுவார்கள். துளை பெருகப் பெருக பாரத்துக்கு ஈயக் குணுக்கைத் தொங்கவிடுவார்கள். சீழ் வடியும், ஈ மொய்க்கும், பிள்ளை அலறும். "அழட்டும், அழுதாத்தான் காது இறங்கும்" என்பார்களாம். என் காது இறங்கி முடிந்த நேரத்தில் ஊரில் பாஷன் மாறிவிட்டது. தொங்குகாதுக்காரி என்றால் பட்டிக்காடு என்று ஆகிவிட்டது.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் தென்காசியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. பேசியதெல்லாம் அவர் அம்மா.

"பிள்ள லெச்சணமாத்தான் இருக்கா. காதை மட்டும் அறுத்துத் தச்சிருங்க. எம்மவன் நாலு பேரு வந்துபோற ஆபீஸ்ல இருக்கான்லா."

இதைச் சொல்லும்போது அவர் காதில் பாம்படம் தோள் வரைக்கும் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை. எங்கள் வீட்டு ஆண்கள் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. சரி சரி என்று தலையாட்டினார்கள்.

ஓய்வுபெற்ற கம்பவுண்டர் ஒருவர் வீட்டுக்கே வந்து அறுத்தார். இரண்டு காதிலும் தொங்கிய சதையை வெட்டி, மிச்சத்தை இழுத்துச் சேர்த்துத் தைத்தார். வெட்டியதை வாழையிலைக் கிழிசலில் வைத்தார். பூனை வந்து மோந்து பார்த்தது. என் சித்தி அதை விரட்டிக்கொண்டே, "இனி நீ பட்டணத்துக்காரிதான் போ" என்றாள். அந்தப் பூனையின் மூக்கு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

கல்யாணம் நடந்தது. வலது காது சுவடு தெரியாமல் ஆறியது. இடது காதில் தையல் போட்ட இடம் மட்டும் அரித்தது, தடித்தது. மிளகு அளவு, பிறகு சுண்டைக்காய், பிறகு நெல்லிக்காய். மேலே தோல் இழுத்துக் கட்டினாற்போல் மினுங்கும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வலது பக்கமாகவே உட்காரவும் படுக்கவும் செய்தார். அத்தை, அதாவது அவர் அம்மா, நாகதோஷம் என்றார். காது குடும்பத்துக்கு ஆகவில்லை என்று சொல்ல அவருக்குக் கூச்சமே இல்லை.

யாரோ சொன்னார்கள் என்று குதிரைமயிரால் இறுக்கிக் கட்டினார்கள். கட்டி கறுத்து, அழுகி, நாறி விழுந்தது. சோற்றுக்கு உட்கார்ந்தால் எனக்கே என் வாடை அடித்தது. அடுத்த சாரல் காலத்துக்குள் அதைவிடப் பெரிதாக வளர்ந்து நின்றது. சுண்ணாம்பு வைத்துச் சுட்டார்கள், இன்னும் பெருத்தது. பழைய கம்பவுண்டரையே கூப்பிட்டு மறுபடி அறுத்தார்கள். எலுமிச்சங்காய் அளவுக்கு வந்தது. குற்றால அருவியில் பெண்கள் பக்கம் நின்றபோது ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, தள்ளி வா, ஒட்டுவாரொட்டியா இருக்கப்போவுது" என்று தன் மகளை இழுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து முந்தானையைக் காதை மூடிப் போட்டேன். தலை சீவும்போதுகூட என் கை அங்கே போகாது.

அருவருப்பு இல்லாத ஒரே ஆள் என் மகள். பால் குடிக்கும்போது முந்தானைக்குள் கையைவிட்டு அந்தக் கட்டியைத் தேடிப் பிடித்துக்கொள்வாள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். சீ என்று கையை எடுத்துவிடுவேன்.

பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கும்போது, திரும்பவும் அறுக்கச் சொல்லி என்னைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா கத்தியை எடுக்க மாட்டேன் என்றார்.

"சதைன்னா வெறும் உயிரணு மட்டும் இல்லம்மா. அதுகளைச் சுத்தி, தென்னைமரத்துப் பன்னாடை மாதிரி ஒரு நார்வலை இருக்கு. அதுதான் எல்லாத்தையும் தாங்கிப் பிடிக்குது. பாரம் கட்டினா அந்த வலை மெல்ல நெகிழ்ந்து நீளும். உங்க காது அப்படித்தான் வளர்ந்துச்சு. வெட்டுப்பட்டா புது நார் உண்டாகி காயத்தை மூடும். மூடினதும் அது நிக்கணும். உங்க உடம்புல சில இடத்துல நிக்கமாட்டேங்குது. நீங்க அறுக்க அறுக்க அது இன்னும் பின்னும்."

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பிள்ளைக்கும் இந்த உடம்புவாகு இருக்கலாம். காது குத்தாம விடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை குதித்தார். "காது குத்தாத பொம்பளையா? மூளின்னு ஊரு காறித் துப்பாதா?" அவர் மகன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஊரு உலகமே குத்துது. அம்மா சொல்லுததுதான் சரி" என்றார். ஆய்க்குடி முருகன் கோயிலில் நாள் வைத்துவிட்டார்கள்.

என் அண்ணன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்தார். அந்தப் பிஞ்சுக் காதைப் பார்த்தேன். "ஆசாரி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துக் கீழே போட்டேன். அத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அதைக் காட்டியது அன்றைக்குத்தான். மயினி முறைக்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, மூடு! சபையில அசிங்கமா" என்று அத்தை கத்தினார்.

"அசிங்கந்தான் அத்தை. நீங்க அறுக்கச் சொன்ன காதுதான். நல்லாப் பாருங்க. எம்பிள்ளைக்கும் இதுதான் வேணுமா?"

ஆசாரி என் காதைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். "என் கையால வேண்டாம் தாயி" என்று ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"மூளியா நிக்கப்போறா. நாளைக்கு எவன் கட்டுவான்?"

"காதைப் பாத்துக் கட்டுதவன் லெச்சணம் எனக்குத் தெரியும் அத்தை."

என் வீட்டுக்காரர் அப்போதும் என் வலது பக்கம்தான் நின்றார்.

கூச்சலில் பிள்ளை மிரண்டு வீறிட்டாள். அண்ணன் அவளைத் தூக்கி என் இடது தோளில் போட்டான். விம்மிக்கொண்டே கையை நீட்டி, வழக்கம்போல் அந்தக் கட்டியைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை.