அண்ணன் சொன்ன கல்லுரோட்டுப் பந்தயம்

அந்தப் பந்தயத்தை நானும் அண்ணனும் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, அவனுக்குப் பதினாறு. முழுப்பரீட்சை நடந்துகொண்டிருந்த ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் எனக்கு அறிவியல். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, கிரிக்கெட் இருக்கிறதா என்று சேனலைத் திருப்பினோம். முகமெல்லாம் சேறு அப்பிய மனிதர்கள் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

பிரான்ஸ் நாட்டின் வடக்குப் பகுதியில் ஆண்டுதோறும் நடக்கிற பந்தயம் அது. தார்ச்சாலையில் போய்க்கொண்டே இருப்பவர்கள், திடீரென்று வயல்களுக்கு நடுவே கருங்கல் பாவிய பழைய வண்டிப்பாதையில் திரும்புவார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் சக்கரம் குதிக்கும். கைகள் நடுங்குவது டிவியிலேயே தெரியும். ஜெயித்தவருக்குக் கோப்பை கிடையாது, அந்தப் பாதையிலிருந்து எடுத்த ஒரு கல்லைத்தான் கொடுத்தார்கள். அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அழுதார். அறிவியலில் எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று இப்போது ஞாபகமில்லை, ஆனால் அந்த மனிதர் அழுதது ஞாபகமிருக்கிறது.

அந்தக் கோடை விடுமுறையில் எங்களுக்கும் ஒரு கல்லுரோடு கிடைத்தது. இலஞ்சிப் பக்கம் ஒரு சாலைக்கு ஜல்லி கொட்டி உருட்டிவிட்டுப் போனவர்கள், தார் போடத் திரும்பி வரவில்லை. அண்ணன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஹாண்டில்பாரில் சுற்றினான். நான் காற்றடிக்கிற பம்பைப் பிடித்தபடி பின்னால் காரியரில் உட்கார்ந்தேன். முதல் தடவையே நாக்கைக் கடித்து எனக்கு ரத்தம் வந்துவிட்டது. டியூப் ஒட்டக் கொடுத்த கடையில், "ஏலே, அந்த ரோட்டுல மாடே நடக்க மாட்டேங்கு, உனக்கு என்னலே அங்கன சோலி?" என்று கேட்டார்கள்.

பிறகு அண்ணன் எலக்ட்ரீஷியன் படித்துவிட்டு துபாய்க்குப் போனான். நான் மருந்தாளுநர் படிப்பை முடித்து தென்காசியில் ஒரு மருந்துக்கடையில் சேர்ந்தேன். கல்யாணம், பிள்ளைகள் எல்லாம் இருவருக்கும் வந்தன. ஆனால் ஏப்ரலில் அந்த ஒரு ஞாயிறு மாறவில்லை. அவன் அங்கே போனில் பார்ப்பான், நான் இங்கே பார்ப்பேன். இன்னொரு போனில் பேசிக்கொண்டே இருப்போம். அவனுக்கு வருகிற படம் எனக்கு வருவதைவிட அரை நிமிடம் முந்தி. அதனால் தினமும் இல்லாத சண்டை அன்றைக்கு வரும்.

"ஏட்டி, விழுந்துட்டான்ட்டி!"

"இங்கன இன்னும் வரலண்ணே! சொல்லித் தொலையாத!"

மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது ஏணி சரிந்து அண்ணன் விழுந்தான். இடுப்பு எலும்பு உடைந்து, தகடு வைத்தார்கள். ஒரு கைத்தடியோடு ஊருக்குத் திரும்பினான். என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. இனி தினமும் பார்க்கலாம் என்று நான் சந்தோஷப்பட்டேன். அவனோ வாசலைத் தாண்டவில்லை. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, நடக்க வேண்டும், மெதுவாக சைக்கிள்கூட மிதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். "பாப்போம்" என்பான். அதோடு சரி.

பகல் முழுவதும் போனில் பழைய பந்தயங்களைப் பார்ப்பான். யார் யாரோ பதிவுசெய்து இணையத்தில் ஏற்றியவை, படம் மங்கி, கோடு விழுந்து கிடக்கும். நாங்கள் முதலில் பார்த்த சேற்றுப் பந்தயத்தை எத்தனை தடவை பார்த்தான் என்று கணக்கில்லை. புதிய பந்தயம் வந்தபோது நான் அவன் வீட்டுக்கு ஓடினேன். அவன் டிவியைப் போட விடவில்லை.

"இப்ப உள்ளது என்னட்டி ரேஸ்? டயர் டியூப் இல்லாம வந்துட்டு. காதுல மிஷின மாட்டி, ஒருத்தன் கார்ல இருந்து சொல்லச் சொல்ல இவன் ஓட்டுதான். அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி ஒருத்தன் உண்டா?"

மதினி அடுக்களையிலிருந்தே சொன்னாள்: "அவுகளுக்கு இப்ப எல்லாம் அந்தக் காலம்தான். சாம்பாரும் அந்தக் காலத்துல நல்லா இருந்திச்சாம்."

நான் சிரித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை. டயர் மாறியது அவனுக்கு ஒரு கவலையே இல்லை என்று எனக்குத் தெரியும். எந்தப் பந்தயத்தை அவன் நன்றாக நடமாடிய காலத்தில் பார்த்தானோ, அதற்குள்ளேயே இருந்துவிட நினைத்தான்.

அடுத்த மார்ச் மாதம் கடைக்கு ஒருவர் வந்து களிம்பும் கட்டுத்துணியும் கேட்டார். இரண்டு உள்ளங்கையிலும் தோல் உரிந்திருந்தது. எங்கள் தெரு முனையில் பேக்கரி வைத்திருப்பவர்தான். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"சைக்கிள்தான் தங்கச்சி. நாங்க ஏழெட்டுப் பேரு ஞாயித்துக்கிழம காலைல குற்றாலம் வர ஓட்டுவோம். நேத்து ஒரு மண்ரோட்டுல வுட்டுப் பாத்தோம். பிரான்ஸ்ல ஒரு கல்லுரோட்டு ரேஸ் நடக்கும், அது மாதிரி."

நான் களிம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன். "அண்ணாச்சி, நீங்க அதப் பாப்பியளா?"

"பாப்பியளாவா? அடுத்த மாசம் எங்க மாடில புரொஜெக்டர் வச்சிப் பாக்கப் போறோம். சனிக்கிழம பொம்பளைய ஓட்டுத ரேஸு, ஞாயித்துக்கிழம ஆம்பளைய ஓட்டுத ரேஸு. நீங்களும் வாங்க."

அன்று சாயங்காலமே அண்ணனிடம் போனேன். வரமாட்டேன் என்றான். நான் இரண்டு நாள் யோசித்துவிட்டு மறுபடி போனேன்.

"ஞாயித்துக்கிழம வர வேண்டாம். சனிக்கிழம மட்டும் வா. பொம்பளையளுக்குன்னு இந்த ரேஸ ஆரம்பிச்சே கொஞ்ச வருசந்தான் ஆகுது. நீ ஒண்ணுகூட பாத்ததில்ல. பழசோட ஒப்பிட்டுக் குறை சொல்ல உனக்கு அதுல ஒண்ணுமே கிடையாதுல்லா?"

மதினிதான், "ஆட்டோ நான் சொல்லுதேன்" என்றாள்.

பேக்கரி மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு ஆசிரியரையும் சேர்த்துப் பதினோரு பேர். எல்லாரிடமும் ஒரு பழைய பந்தயம் இருந்தது. ஒருவர் ஹாஸ்டலில் பார்த்ததைச் சொன்னார், ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு பார்த்ததைச் சொன்னார். அண்ணன் மட்டும் வாசல் பக்கத்து நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

படம் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கர் கரகரத்து நின்றுவிட்டது. பேக்கரிக்காரர் வயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினார். சத்தம் வரவில்லை. திரையில் பெண்கள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறார்கள், அடுத்து என்ன என்று யாருக்கும் புரியவில்லை.

"இப்ப வலது பக்கம் ஒடிப்பாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஒடித்தார்கள்.

"இந்தத் திருப்பத்துல எப்பவும் மண்ணு கிடக்கும். நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் பள்ளம். மேட்டுலதான் ஓட்டணும். அந்தா, செவப்புச் சட்ட, அதுக்குத் தெரிஞ்சிருக்கு. கரெக்டா நடுவுல போகுது பாருங்க."

ஆசிரியர் திரும்பிப் பார்த்தார். "அங்கன போயிருக்கியளா?"

"இல்ல சார். இருவது வருசத்துக்கு மேல பாத்துக்கிட்டு இருக்கேன்."

அண்ணனின் நாற்காலியைத் தூக்கி முன்னால் போட்டார்கள். ஓட்டுகிற பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஆனால் ஆண்கள் ஓட்டுகிற அதே பாதைதான், அது முழுவதும் தெரியும். எந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும், எங்கே கல் பெயர்ந்திருக்கும், எங்கே தண்ணீர் குடிக்க நேரம் கிடைக்கும் என்று சட்டையின் நிறத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே போனான். முதலில் தணிந்த குரல். பிறகு மாடி முழுவதும் கேட்டது. கீழே பஃப்ஸ் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் ஏறி வந்து நின்றார்கள்.

முடிவுக்கு இன்னும் நிறைய தூரம் இருந்தபோது, முன்னால் போன நாலு பேரில் நீலச் சட்டைக்காரி ஒரு திருப்பத்தில் வழுக்கி விழுந்தாள். தோள் கல்லில் மோதியது. மற்ற மூன்று பேரும் போய்விட்டார்கள்.

அண்ணன் நிறுத்திவிட்டான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சைக்கிளை இழுத்தாள்.

"எந்திரிச்சிட்டா" என்றான் அண்ணன். "செயின் கழண்டு கிடக்கு. மாட்டுதா... மாட்டிட்டா. ஏறுதா. போ தாயி. ஓரத்துக்குப் போயிராத, நடுவுல போ."

சிவப்புச் சட்டைக்காரி ஜெயித்தாள். எல்லாரும் கைதட்டினோம். டீ வந்தது, சிலர் கிளம்ப எழுந்தார்கள்.

"அந்தப் பிள்ள இன்னும் வரல" என்றான் அண்ணன். "கொஞ்சம் உக்காருங்க."

உட்கார்ந்தார்கள். வருகிற ஒவ்வொருத்தியையும் சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியில் கிழிந்த நீலச் சட்டை, பந்தயம் முடிகிற மைதானத்துக்குள் நுழைந்தது. கேமரா அவளைக் கொஞ்ச நேரம்தான் காட்டியது. அந்தக் கொஞ்ச நேரமும் அண்ணன் எழுந்து நின்று சொன்னான். ஜெயித்தவளுக்குக் கிடைத்ததைவிட இவளுக்குக் கைதட்டல் அதிகம்.

ஆட்டோவில் திரும்பும்போது, "தொண்ட கட்டிட்டு. கடையிலருந்து மாத்திர கொண்டா" என்றான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போய்ச் சேர்வதற்குள் அவனே மாடியில் இருந்தான். ஸ்பீக்கரைக் கழற்றிப் பழுது பார்த்து முடித்திருந்தான். ஆனால் பந்தயம் தொடங்கியதும் ஆசிரியர், "ஸ்பீக்கர் சத்தத்தக் குறைங்க, இவுக சொல்லட்டும்" என்றார். ஆண்கள் பந்தயத்தில் டியூப் இல்லாத டயரைப் பற்றி அண்ணன் வழக்கம்போல் திட்டினான். பழைய பந்தயங்களையும் விடவில்லை. பத்து வருடங்களுக்கு முன்னால் இதே கல்லில் யார் விழுந்தார் என்று இடையிடையே சொன்னான். கேட்க நன்றாக இருந்தது.

இப்போது அண்ணன் பேசுவதைப் பேக்கரிக்காரர் போன் வழியாக மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி செய்திருக்கிறார். போன ஏப்ரலில் திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண், தான் இதுவரை ஒரு சைக்கிள் பந்தயம்கூட பார்த்ததில்லை என்றும் இவர் பேசுவதற்காகவே கேட்டதாகவும் செய்தி அனுப்பியிருந்தாள். அதை மதினி எல்லாருக்கும் காட்டினாள்.

இந்த வருடம் ஜூனில் குற்றாலச் சாரல் தொடங்கியபோது அண்ணன் சைக்கிளை வெளியே எடுத்தான். முதல் ஞாயிறு தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று. அடுத்த ஞாயிறு மேலகரம் வரை போய், இடுப்பு வலித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். மூன்றாவது ஞாயிறு பேக்கரிக்காரரும் நானும் இரண்டு பக்கமும் வர, மூன்று இடத்தில் நின்று இளைப்பாறிக் குற்றாலம் போய்ச் சேர்ந்தோம். அருவிக்கரையில் கூட்டம் தள்ளியது. அவன் குளிக்கவில்லை. சாரலில் நனைந்த சட்டையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலை நீட்டி இடுப்பைத் தடவிக்கொண்டான்.

"ரொம்ப வலிக்காண்ணே?"

"வலிக்கத்தான் செய்யுது" என்றான். பிறகு பேக்கரிக்காரரைப் பார்த்து, "செங்கோட்டை ரோட்டுல ஏத்தம் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டான்.