ஃபோர்க்கின் வயது

என் அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை. அத்தை அப்பாவின் அக்கா. தாராவியில் எங்களுக்கு இரண்டு சந்து தள்ளி வீடு. அம்மா என்னைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் மூன்று வயது அண்ணனைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவள் அசந்த நேரத்தில் அண்ணன் மாடி ஏணியிலிருந்து விழுந்தான் என்பார்கள். அவனுடைய இடது கால் அதன்பின் சரியாக வளரவில்லை. அம்மா அதை மன்னிக்கவில்லை.

எனக்குப் பத்து வயதில், ஒரு ஞாயிறு காலை, பழைய சைக்கிள் சேகரிக்கும் ஒருவர் மாட்டுங்காவிலிருந்து தாத்தாவின் சைக்கிளைப் பார்க்க வந்தார். சுதந்திரத்துக்கு முன் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த வண்டி என்பது எங்கள் வீட்டுப் பெருமை. ஃப்ரேம் எண் சரியாக இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் அந்தக் காலத்ததுதானா என்று கழற்றிப் பார்க்கலாமா என்றார்.

"அதெல்லாம் எதுக்கு சார்? யாரும் கை வைக்காத வண்டி," என்றார் அப்பா. வண்டி மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் விடவில்லை. கழற்றியதும் மண்ணெண்ணெய்த் துணியை நான் வாங்கிக்கொண்டேன். ஹேண்டிலுக்குக் கீழே மறைந்திருந்த தண்டில், கிரீஸுக்கு அடியிலிருந்து எழுத்துகள் வந்தன. இங்கிலாந்து இல்லை, பஞ்சாபின் லூதியானா என்றிருந்தது. கூடவே ஆண்டு.

"ஐ, நான் பொறந்த வருசம்!"

வந்தவர் சிரித்தார். "முன்னாடி பலமா எங்கேயோ இடிச்சிருக்கு சார், அதான் மாத்தியிருக்கேள். ஃப்ரேம்கூட லேசா வளைஞ்சிருக்கு பாருங்கோ."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வெளியே வந்தாள். ஃபோர்க்கைப் பார்த்தாள், அண்ணனின் காலைப் பார்த்தாள், பிறகு அப்பாவை.

"பிள்ளைய முன்னால வச்சு ஓட்டினீரா?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா செருப்பில்லாமல் சந்தில் நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். அத்தை வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பத்து வருசமா ஏன் மதினி வாயத் தொறக்கல? ஏணியில விழுந்தாம்னுதான சொன்னிய!"

அத்தை கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான்தான் கண்டுபிடிச்சேன் அத்தை! ஃபோர்க்கத் தொடச்சுப் பாத்தேன்," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

"ஒன்ன யாருட்டி தொடைக்கச் சொன்னா?" என்றவள் அம்மாவிடம் திரும்பினாள். "என் தம்பி எங்க? அவனத் தனியா விட்டுட்டா வந்த? ஏதும் செஞ்சுக்கிட்டாம்னா?"

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. செதில் ஒட்டிய கையோடு எங்கள் வீட்டை நோக்கி ஓடினாள். பழி நீங்கியவள் எதற்காக அழுதுகொண்டே ஓடுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. எதையும் தேதியிட்டு எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு ஒரே வரிதான் இருக்கிறது: முன் ஃபோர்க், லூதியானா, வயது பத்து.